பூச்சியம் போடாத அக்கா

பிறந்தநாள் முடிந்து பதினொரு நாளாகிவிட்டது. லேபிள் இன்னும் வரவில்லை.

முதல் மூன்று நாள் மனைவி தபால் பெட்டியை மட்டும் திறந்து பார்த்துவிட்டு வந்தாள். நாலாம் நாள், "தபால் பிந்தியிருக்கும்" என்றாள். ஏழாம் நாள், "ஒருக்கா எடுத்துக் கேளுங்கோவன்" என்றாள். நான் உடனே கராஜுக்குள் போய்ப் பனிச் சப்பாத்துகளை அளவு வாரியாக அடுக்கத் தொடங்கினேன். பயம் வந்தால் எதையாவது அடுக்குவது என் சுபாவம். இந்தப் பதினொரு நாளில் எங்கள் பிக்கரிங் வீட்டில் நான் அடுக்காமல் விட்டது மனைவியை மட்டும்தான். அதுவும் அவள் இடம் கொடாததால்.

லேபிள் அனுப்புகிறவர் அக்கா. கூடப் பிறந்தவர் அல்ல. டோர்செட் பார்க் பக்கம் ஐஸ்கிரீம் வாளிகளுக்கு மூடி செய்யும் ஒரு பக்ரறியில் பன்னிரண்டு வருடம் என்னோடு வேலை செய்தவர். ஆறு வருடத்துக்கு முன்னர் நாட்டின் மறுகோடியில், மேற்குக் கடற்கரையில் இருக்கும் தங்கையிடம் போய்விட்டார். எங்கே இருந்தாலும் என் பிறந்தநாளுக்கு அச்சுப் பிழைத்த பழைய மூடி லேபிள் ஒன்று உறைக்குள் வந்துவிடும். பின்பக்கம் ஒரே ஒரு வரி எழுதியிருக்கும். இந்த முறை அது வரவில்லை. போன் எடுத்தால் ஏன் என்று தெரிந்துவிடும். தெரிந்துவிடுமே என்றுதான் எடுக்காமல் சப்பாத்து அடுக்குகிறேன்.

அக்காவின் வாயிலிருந்து 'ஓம்' என்ற சொல்லை வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. 'இல்லை'யும் அப்படித்தான்.

"சுகமா அக்கா?"

"எழுவது வீதம்."

"மழை வருமோ?"

கன்ரீன் யன்னலால் வானத்தைப் பார்ப்பார். உதடு மறையச் சொண்டை ஒருமுறை உள்ளே மடிப்பார். "அறுவது. குடையக் கொண்டு போ மனே. ஆனா விரிக்கத் தேவைப்படாது."

"சம்பல் உறைப்போ?"

"உனக்கெண்டா தொண்ணூறு."

என்னைவிட ஏழு வயதுதான் மூப்பு. ஆனால் மட்டக்களப்பு ஆளானபடியால் எதிரில் நிற்கிறவன் மனேஜராக இருந்தாலும் மனேதான், மகன்தான். மட்டக்களப்பார் மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லி வளர்த்திருந்தார்கள். அக்கா என்னை ஒட்டவைத்தது கன்ரீன் கதிரையோடு. அரை மணித்தியால இடைவேளையில் நான் வேறெங்கும் எழுந்து போனதில்லை.

பக்ரறியில் அவருக்குத் தரம் பார்க்கும் வேலை. மணித்தியாலத்துக்கு ஒருமுறை மெஷினிலிருந்து முப்பது மூடிகளை எழுந்தமானமாக, கைக்கு வந்தபடி எடுப்பார். தண்ணீர் நிரப்பிய வாளிகளில் பொருத்திக் கவிழ்ப்பார். எத்தனை ஒழுகுகிறது என்று வரைபில் புள்ளி வைப்பார். "முப்பது மூடியத் தட்டிப் பாத்திட்டு முப்பதாயிரம் மூடிக்குச் சத்தியம் பண்ண ஏலுமா?" என்பார். ஊரில் பல்கலைக்கழகத்தில் ஒன்றரை வருடம் புள்ளிவிபரவியல் படித்தவர். ஏன் ஒன்றரை வருடம் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. எங்கள் தலைமுறையில் ஒன்றரை வருடம் படித்தவர்களிடம் அதைக் கேட்பதில்லை.

ஆனால் வேலை அவருக்கு வயிற்றுப்பாடு மட்டும்தான். உயிர் கூடைப்பந்தில் இருந்தது. அதுவும் ஆட்டத்தில் இல்லை. ஆட்டமெல்லாம் முடிந்த பிறகு நடக்கும் ஒரு காரியத்தில்.

அமெரிக்காவில் ஒரு புகழ்மண்டபம் இருக்கிறது. ஓய்வுபெற்ற பெரிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்துப் பெயர் பொறித்து வைக்கிற இடம். யார் உள்ளே போவார், யார் வாசலோடு நிற்பார் என்று தேர்வுக் குழு சொல்வதற்குப் பல வருடங்களுக்கு முன்னரே அக்கா ஆளுக்கொரு பிழைத்த லேபிளின் பின்பக்கம் வீதம் போட்டு வைத்துவிடுவார். எத்தனை புள்ளி எடுத்தான், எத்தனை பந்தைத் திருப்பிப் பிடித்தான், எத்தனை தரம் நட்சத்திர ஆட்டத்துக்குத் தெரிவானான், எத்தனை கிண்ணம், எவ்வளவு உயரம். ஏற்கெனவே உள்ளே போனவர்களையும் போகாதவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, எந்த எண்ணுக்கு எவ்வளவு பாரம் என்று கண்டுபிடிப்பார். பிறகு அந்தப் பாரங்களைப் புதியவன் தலையில் ஏற்றிப் பார்ப்பார். கட்டையானவர்களுக்கு அவருடைய கணக்கில் கொஞ்சம் சலுகை இருந்தது. ஐந்தடி மூன்றங்குலமான எனக்கு அந்தக் கணக்கில் உடனடியாக நம்பிக்கை வந்துவிட்டது.

போர்க்லிஃப்ட் ஓட்டும் ஒருவர் இருந்தார். இங்கே பிறந்தவர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். அவருக்கு ஒரு ஆட்டக்காரன் கடவுள்.

"அன்ரி, ஹி இஸ் கோயிங் இன். நூறு வீதம்."

"நூறு எண்டு ஒண்டில்ல மனே."

"வட் டு யூ மீன் இல்லை? பெஸ்ட் பிளேயர் அன்ரி."

"தொண்ணூத்தெட்டு."

"மிச்சம் ரெண்டும் எங்க?"

"வோட்டுப் போடுறது மனிசர். ரெண்டு வீதம் அவங்களுக்கு விட்டிரிக்கன்."

இந்தப் பைத்தியம் அவருக்குப் பிடித்தது சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில், இந்த நாட்டுக்கு வந்த முதல் பனிக்காலத்தில். பதினேழாம் மாடியில் ஆறு பேரோடு இருந்தாராம். ஆங்கிலம் அவ்வளவாக வராது. உடுப்புத் தோய்க்கும் அறையில் யாரோ விட்டுவிட்டுப் போன பத்திரிகையைப் புரட்டியபோது அதில் தனக்கு வாசிக்கத் தெரிந்த பக்கம் ஒன்றே ஒன்று அகப்பட்டது. முழுக்க எண்கள்.

"மூணு நாள் அத லொத்தர் முடிவெண்டு நினைச்சன்" என்று சொல்லிச் சிரிப்பார். "மறுகாதான் விளங்கின, ஒவ்வொரு வரியும் ஒரு மனிசன் எண்டு."

ஒரு வருடம் வரை அவர் ஒரு ஆட்டத்தையும் பார்த்ததில்லை. எண்களாகவே அந்த மனிதர்களைத் தெரியும். யார் களைத்துவிட்டான், யாருக்கு முழங்கால் போய்விட்டது, யாரை மூலையில் இருத்தி வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் வரியில் தெரிந்தது. பிறகு ரீ.வீ.யில் பார்த்தபோது, "இவ்வளவு ஓடுறாங்களா, பாவம்" என்றாராம்.

அக்காவின் விசித்திரம் ஒன்றைச் சொல்லவேண்டும். கணக்குச் சரிவந்தால் அவர் ஒன்றும் கொண்டாடமாட்டார். பிழைத்தால் பக்ரறி முழுவதற்கும் லட்டு வரும். ஒருவனுக்குப் பத்தொன்பது வீதம் போட்டிருந்தார். அவன் உள்ளே போய்விட்டான். அன்றைக்கு ஆளுக்கு இரண்டு லட்டு. அவனுடைய லேபிள் அக்காவின் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஏறியது. அங்கே ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லோரும் கணக்கைப் பிழையாக்கினவர்கள்.

"இவங்களத்தான் எனக்கு விருப்பம்" என்பார். "மத்தவங்கள் நான் சொன்னதச் செய்தாங்கள். இவங்கள் எனக்குச் சொல்லித் தந்தாங்கள்."

அவர் கோபப்பட்டு நான் பார்த்தது ஒரே ஒருமுறை. காரணம் நான்தான். கையால் எழுதியதையெல்லாம் கொம்பியூட்டரில் ஏற்றித் தருகிறேன் என்று பெரிய மனிதனாகப் பொறுப்பெடுத்தேன். பழைய காலத்து ஆட்டக்காரர்களின் வரிகளில் சில கட்டங்கள் காலியாகக் கிடந்தன. எதிராளியின் பந்தை எத்தனை தரம் தட்டிவிட்டான் என்று அந்தக் காலத்தில் யாரும் எண்ணிவைக்கவில்லை. எனக்கு வெற்றுக் கட்டத்தைக் கண்டால் பதற்றம். எல்லாவற்றுக்கும் பூச்சியம் போட்டு அழகாக நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அக்கா தாளைப் பார்த்தார். சாப்பாட்டுப் பெட்டியை மூடினார்.

"இந்த நெட்டையன் பதிமூணு வருசம் கூடைக்குக் கீழ நிண்டவன். ஒரு பந்தாவது தட்டல்லயா?"

"எண்ணேல்லையே அக்கா."

"எண்ணல்ல எண்டா நடக்கல்ல எண்டா கருத்து?"

நான் மேசையில் கிடந்த உப்புப் பொட்டலங்களை அடுக்கத் தொடங்கினேன்.

"பூச்சியமெண்டா, பாத்தம், ஒண்டுமில்ல. வெறுங்கட்டமெண்டா, பாக்கல்ல. ரெண்டும் ஒண்டில்ல மனே. நீ அந்த மனிசன்ர வேலையத் திண்டுபோட்டாய்."

நாற்பத்திரண்டு பூச்சியங்களையும் ஒவ்வொன்றாக அழித்துக் கொடுத்தேன். அதன் பிறகும் எனக்குப் புத்தி வந்ததா என்றால், அக்கா பாஷையில் சொன்னால், முப்பது வீதம்.

மிச்ச எழுபது வீதப் புத்தியீனமும் எனக்கு நாற்பத்தாறு வயதாக இருந்தபோது வெளியே வந்தது. மாடிப்படி ஏறினால் நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல ஒரு இறுக்கம். முதலில் வாய்வு என்றேன். பிறகு பருப்பு என்றேன். மனைவி பருப்பை நிறுத்திப் பார்த்தாள். அப்போதும் இருந்தது. குடும்ப டொக்டர் நெஞ்சைப் பரிசோதிக்கும் ஓட்டப் பரீட்சைக்கு எழுதித் தந்தார். நான் மூன்று தரம் தேதி மாற்றினேன். முதல் தரம் காய்ச்சல் என்றேன். இரண்டாம் தரம் காருக்குக் காய்ச்சல் என்பதுபோல ஏதோ சொன்னேன். மூன்றாம் தரம் வரவேற்பில் இருந்த பெண் காரணமே கேட்கவில்லை.

உண்மைக் காரணம் எனக்கு மட்டும் தெரியும். எங்கள் பரம்பரையில் ஆண்கள் ஐம்பதைத் தாண்டுவதில்லை. அப்பா நாற்பத்தேழில் போனார். எனக்கு நாற்பத்தேழு வர இரண்டு மாதம் இருந்தது. எழுதி முடித்த கதையைப் போய் மெஷினில் ஏறி வாசித்துப் பார்ப்பானேன்?

நாலாவது தரம் குறித்த தேதிக்கு முன்னர் நிரப்பச் சொல்லி ஒரு படிவம் தந்திருந்தார்கள். கன்ரீனில் இருந்து நிரப்பினேன். குடும்பத்தில் இருதய நோய் உண்டா என்ற இடத்தில், அப்பா நாற்பத்தேழு, அப்பப்பா நாற்பத்துநாலு, சித்தப்பா முப்பத்தொன்பது என்று வரிசையாக எழுதினேன். எழுத எழுத எனக்கே வியர்த்தது. அக்கா எட்டிப் பார்த்தார்.

"உன்ர அப்பா என்னத்தில மோசம் போனவரு?"

"ஷெல் விழுந்து."

"அப்பப்பா?"

"பாம்பு."

"சித்தப்பா?"

"வள்ளம் கவிண்டது."

"நெஞ்சு எங்க மனே இதில?"

"எல்லாருக்கும் கடைசியா நிண்டது நெஞ்சுதானே அக்கா."

அக்காவின் சொண்டோரம் ஐந்து வீதம் சிரித்தது. எனக்கோ அந்த நொடியில் ஞானம் பிறந்துவிட்டது. எங்கள் ஆட்கள் ஒருவருக்கும் நெஞ்சு வருத்தமே இல்லை. எவ்வளவு திடமான பரம்பரை. மூன்று பேரையும் கோடு போட்டு வெட்டிவிட்டு, 'இல்லை' என்று பெரிய எழுத்தில் எழுதினேன். "அப்ப ரெஸ்ற் தேவையில்லை அக்கா" என்றேன். உடம்பு லேசாகி, பருப்பு வடை ஒன்று சாப்பிடலாம் போலிருந்தது.

அக்கா என் கையிலிருந்த பேனையை வாங்கினார்.

"திரும்பப் பூச்சியம் போடுறாய்."

"என்ன?"

"முந்தி மூணு பேரையும் நெஞ்சுக்குள்ள போட்டாய். இப்ப மூணு பேருக்கும் பூச்சியம் போடுறாய். உன்ர அப்பாவ ஷெல் விட்டு வைச்சிருந்தா அம்பதில நெஞ்சு வந்திரிக்குமோ, தொண்ணூறு மட்டும் சைக்கிள் ஓடியிரிப்பாரோ, ஆருக்குத் தெரியும்? ஆட்டத்தப் பாதியில நிப்பாட்டின ஆக்கள் அவங்கள். அவங்கட எண்ண வைச்சு உன்னச் சாக்காட்டவும் ஏலா, காப்பாத்தவும் ஏலா."

நான் எழுதியிருந்த 'இல்லை'யை வெட்டினார். அந்தக் கட்டத்துக்குள் வேறொன்றும் எழுதவில்லை.

"வெறுங்கட்டம் மனே. பாக்கல்ல. அதாலதான் உன்ன வந்து அளக்கச் சொல்றாங்க."

அப்பாவின் நெஞ்சைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கடைசியாக அதில் தலைவைத்துப் படுத்தபோது எனக்கு ஆறு வயது இருக்கும். டப் டப் என்று நன்றாகத்தான் அடித்தது.

"போறன் அக்கா" என்றேன்.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். சொண்டை உள்ளே மடித்தார்.

"போகமாட்டாய்."

"என்ன?"

"எண்பத்தெட்டு வீதம். போகமாட்டாய்."

எழுந்து மூடிகளைத் தட்டப் போய்விட்டார்.

அந்த எண் என்னை இரண்டு வாரம் தின்றது. எண்பது என்றிருந்தால் பொறுத்திருப்பேன். அந்த எட்டு. என்னை உட்காரவைத்து, தேதி மாற்றியது, காருக்குக் காய்ச்சல் வந்தது எல்லாவற்றுக்கும் பாரம் ஏற்றிப் பார்த்துக் கண்டுபிடித்த எட்டு. "நான் போவன்" என்று வீட்டில் சும்மா சும்மா அறிவித்துக்கொண்டு திரிந்தேன். "ஆர் வேண்டாமெண்டது?" என்றாள் மனைவி.

போனேன். நெஞ்சில் பத்து வயர்களை ஒட்டி, ஓடுகிற பட்டியில் நடக்கவிட்டார்கள். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அதன் முன்பக்கம் உயர்ந்துகொண்டே போனது. யாழ்ப்பாணத்தில் மலை கிடையாது. ஒரு யாழ்ப்பாணத்தான் பத்து வயரோடு மலையேறிய கதையை யாராவது எழுதவேண்டும். ஏழாவது நிமிடத்தில் அந்த நெஞ்சு இறுக்கம் வந்து உட்கார்ந்தது. திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் மெஷினை நிறுத்திவிட்டு டொக்டரைக் கூப்பிடப் போனாள். போகும்போது ஓடவில்லை. நடந்தாள். ஆனால் நல்ல வேகமாக நடந்தாள்.

ஒரு குழாய் முக்கால்வாசி அடைத்திருந்தது. அதே வாரம் மணிக்கட்டு வழியாகச் சின்னக் கம்பிச் சுருள் ஒன்றைக் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று டொக்டரைக் கேட்டேன். அவரும் வீதத்தில்தான் பதில் சொன்னார். அந்த எண்ணை நான் மனைவிக்கு இன்றுவரை சொல்லவில்லை.

நடமாட விட்டதும் முதல் வேலையாக அக்காவின் வீட்டுக்குப் போனேன். வென்றவன் போவதுபோலத்தான் போனேன். அக்கா கதவைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டுக் குசினிக்குள் போனார். மேசையில் லட்டு இருந்தது. குளிர்சாதனப் பெட்டிக் கதவில், கணக்கைப் பிழையாக்கிய நெட்டையர்களுக்கு நடுவில், ஒரு புது லேபிள். 'மூடி லைன் யாழ்ப்பாணத்தான். ரெஸ்ற்றுக்குப் போவானா?' அதற்கு நேரே, 'போனான்.' இரண்டுக்கும் நடுவில் வீதம் எழுதவேண்டிய கட்டம் காலியாக இருந்தது.

"அக்கா, எண்பத்தெட்டு எண்டனீங்கள்."

"சொன்னன்."

"இதில ஒண்டுமில்லையே."

"உன்ன மாதிரி ஒருத்தன நான் முந்திக் கண்டதில்ல. என்னத்த வைச்சு வீதம் போடுற?" தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே சொன்னார். "தெரியாததுக்கு வெறுங்கட்டம்தானே மனே."

"அப்ப அந்த எண்பத்தெட்டு?"

"அது உனக்குக் கோபம் வாறதுக்குத் தேவைப்பட்ட எண்."

வீதம் போடத் தொடங்கிய முப்பது வருடத்தில் அவர் சொன்ன ஒரே கள்ள எண் அதுவாகத்தான் இருக்கவேண்டும். எனக்காகச் சொன்னார். லட்டை வாயில் போட்டுக்கொண்டு அழுகிறது எவ்வளவு கஷ்டம் என்பது அன்றைக்குத் தெரிந்தது.

நாற்பத்தேழாவது பிறந்தநாளுக்கு என் சாப்பாட்டுப் பெட்டியில் முதல் லேபிள் ஒட்டியிருந்தது. அடுத்த வருடம், அப்பாவை நான் வயதில் முந்திய நாளில், அடுத்தது. வரி மாறுவதில்லை, எண் மட்டும்தான் மாறும். 'நாற்பத்தெட்டாவது சீசன். ஆடிக்கொண்டிருக்கிறான்.' ஆடிக்கொண்டிருக்கிறவனை அக்கா ஒருபோதும் பாரம் பார்க்கும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆட்டம் முடியாதவனைத் தோற்றவன் பக்கத்தில் நிறுத்தக்கூடாது என்பது அவருடைய சட்டம்.

ஐம்பத்தைந்து வரை வந்தது. ஐம்பத்தாறு வரவில்லை.

பதினொரு நாளாக அந்த வெற்றுக் கட்டத்துக்குள் நான் என்னென்ன பூச்சியமெல்லாம் போட்டுப் பார்த்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. இன்று காலை கராஜில் அடுக்க ஒன்றும் மிச்சமில்லை. போனை எடுத்தேன். ஐந்து தரம் மணி அடித்தது. ஆறாவதில் எடுத்தார்.

"மனே."

நான் பனிச் சப்பாத்துகளின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"சுகமா அக்கா?"

"ஐம்பது வீதம்." குரல் கொஞ்சம் மெலிந்திருந்தது. "லேபிள் வரல்ல, என்ன? நாலு லேபிள் எழுதிப் பாத்தன். கை நடுங்குது. என்ர எண்ண என்னாலயே வாசிக்க ஏலாமக் கிடக்கு. தங்கச்சியக் கொண்டு எழுதுவிக்க மனமில்ல."

"டொக்டரிட்டக் காட்டினீங்களே?"

"காட்டின. தலைய ஸ்கான் எடுக்க எழுதித் தந்திரிக்கார்."

"எடுத்தாச்சோ?"

அந்தப் பக்கம் கரண்டியால் தேத்தண்ணி கலக்கும் சத்தம் கேட்டது.

"அக்கா?"

"ரெண்டு தரம் தேதி மாத்தின. ஒருக்கா மழை. மத்தது... உனக்கென்னத்துக்கு. வாற செவ்வாய்க்கிழமைக்குப் போட்டிரிக்காங்கள். போறன்."

கராஜ் கதவடியில் மனைவி வந்து நின்று என்னவென்று கையால் கேட்டாள். நான் சொண்டை உள்ளே மடித்தேன்.

"போகமாட்டீங்கள்" என்றேன்.

"என்ன மனே?"

"எண்பத்தெட்டு வீதம். போகமாட்டீங்கள்."

"என்னத்த வைச்சுடா அந்தக் கணக்குப் போட்டாய்?" என்றார் அக்கா. பழகிய பதினெட்டு வருடத்தில் என்னை அவர் டா போட்டதில்லை. குரலில் நல்ல கோபம் இருந்தது.